தனி வட்டாட்சியர் (கடந்த காலம்)

ஒரு காலத்தில் பிள்ளைகளின் வயதுக்கு அத்தாட்சி காதில் இருந்தது. வலது கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடது காதைத் தொட்டுவிட்டால் ஐந்து வயது ஆகிவிட்டது, பள்ளிக்கூடத்தில் சேரலாம். தொடாவிட்டால் அடுத்த வருஷம். தலைமையாசிரியருக்கு மனமிருந்தால் பிள்ளையின் முழங்கையை லேசாகத் தள்ளிவிடுவார், காது எட்டிவிடும். பிறந்த தேதியையும் அவரே தோதாகப் பார்த்துப் போட்டுக்கொள்வார். எங்கள் பக்கத்தில் ஒரு தலைமுறையே ஜூன் முதல் தேதியன்று பிறந்தது அப்படித்தான். அந்த ஒரு நாளில் மருத்துவச்சிகள் என்ன பாடு பட்டிருப்பார்கள் என்று யாரும் கேட்டதில்லை.

1991 பங்குனியில் இந்த நல்ல வழக்கம் நின்றுபோனது. படப்பையில் ஒரு சின்ன மிஷன் பள்ளிக்கூடம். அதன் தலைமையாசிரியர் தாவீது, கன்னியப்பனையும் அவன் மகள் காவேரியையும் எதிரே நிற்கவைத்துக்கொண்டு வருத்தத்தோடு சொன்னார்.

"காதெல்லாம் போன வருஷத்தோட சரி தம்பி. புதுசா சுற்றறிக்கை வந்திருக்கு. பிறப்புச் சான்றிதழ் வேணும். ஜூன் ஒண்ணாந்தேதி அஞ்சு வயசு பூர்த்தி ஆயிருக்கணும்."

"வூட்லயே பொறந்துச்சு சார். எங்கயும் எழுதி வெக்கல."

"இப்ப போய் எழுதி வாங்கிட்டு வாங்க. கர்த்தர் வழிகாட்டுவார். அவர் காட்டலேன்னா ஸ்ரீபெரும்புதூர்ல ஒரு ஆபீஸ் இருக்கு."

கன்னியப்பன் ஒரகடம் கூட்டுரோட்டுப் பக்கம் ஒரு ஸ்பிரிங் கம்பெனியில் ஆபரேட்டர். சாது. மேலே இருப்பவர்கள் எது சொன்னாலும் "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு அப்புறம்தான் அவர்கள் என்ன சொன்னார்கள் என்று யோசிப்பான். அவன் மனைவி செங்கமலத்துக்கு இந்தச் சுபாவம் இல்லை. வீட்டுக்கு ஒருவர் போதும் என்று விட்டுவிட்டாள்.

செங்கமலத்துக்குச் சுங்குவார்சத்திரத்தில் ஒரு பல்பு கம்பெனியில் பேக்கிங் செக்ஷனில் இடம் கிடைத்திருந்தது. ஜூனில் சேர வேண்டும். சேராவிட்டால் அந்த இடத்துக்கு ஆள் காத்திருந்தது. இருவரும் ஷிப்டுக்குப் போய்விட்டால் காவேரியை வைத்துக்கொள்ள வீட்டில் வேறு ஆள் கிடையாது. அதனால் இந்த வருஷம் காவேரி பள்ளிக்கூடம் போக வேண்டும், இல்லாவிட்டால் அவள் அம்மா வேலைக்குப் போக முடியாது. விஷயம் இவ்வளவுதான். ஒரு சிக்கல், காவேரி பிறந்தது ஆவணியில். ஜூன் ஒன்றாம் தேதிக்கு ஐந்து முடியாது, ஏறக்குறைய மூன்று மாதம் இடிக்கும்.

"ஆபீஸ்ல கேளு, கொஞ்சம் முன்ன பின்ன போட்டுக் குடுப்பாங்க" என்றாள் செங்கமலம்.

முன்னே பின்னே போட்டுக் கொடுத்தார்கள் என்பது என்னவோ உண்மை.

அந்த அலுவலகம் ஒரு லாட்ஜின் மாடியில் இருந்தது. முன்னால் பிறப்பு இறப்பு எழுதும் சாதாரண இடமாக இருந்ததுதான். இப்போது வாசலில் புதுப் பலகை பளபளத்தது. 'தனி வட்டாட்சியர் (கடந்த காலம்)'. எங்கள் வட்டாரத்தில் நிலம் எடுக்க ஒரு தனி வட்டாட்சியர் உண்டு, சாலை போட ஒருவர் உண்டு. கடந்த காலத்துக்கு மட்டும் ஆளில்லாமல் இருந்தது. அந்தக் குறையும் தீர்ந்தது.

குறை தீர்ந்த கதை இது. சென்னையில் ஒரு பெரிய அதிகாரி தம் மேஜைமேல் இருந்த உலக ஆண்டுக் களஞ்சியம் ஒன்றைச் சும்மா திறந்தார். திறந்த பக்கம் 1386. அந்த வருஷம் லித்துவேனியாவிலிருந்து ஒருவர் போய்ப் போலந்துக்கு ராஜா ஆகியிருக்கிறார். சுவிட்சர்லாந்துக்காரர்கள் ஆஸ்திரியக் கோமகனைச் சண்டையில் கொன்றிருக்கிறார்கள். ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகம் திறந்திருக்கிறார்கள், மிலான் நகரத்தில் ஒரு பெரிய தேவாலயத்துக்குக் கடைக்கால் போட்டிருக்கிறார்கள். முக்கிய நிகழ்வுகள், பிறப்புகள், இறப்புகள் என்று பக்கம் பக்கமாகப் போகிறது. நம் மாவட்டத்தைப் பற்றி ஒரு வரி கிடையாது. அந்த வருஷம் முழுக்க இங்கே ஒருத்தன் பிறக்கவும் இல்லை, சாகவும் இல்லை, தும்மவும் இல்லை என்பது போல விட்டிருந்தார்கள். அதிகாரிக்கு ரத்தம் கொதித்தது. 1386இன் அறுநூறாவது ஆண்டை ஒட்டி ஒவ்வொரு வட்டாரத்திலிருந்தும் அவ்வருடத்திய முக்கிய நிகழ்வுகள், பிறப்புகள், இறப்புகள் ஆகியவற்றைத் தொகுத்து அனுப்புமாறு உத்தரவு போட்டார்.

உத்தரவு போட்டது 1986இல். ஸ்ரீபெரும்புதூருக்கு வந்து சேர்ந்தது 1991இல். சென்னையிலிருந்து எங்கள் ஊருக்கு பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம்தான். கோப்பு பஸ்ஸில் வரவில்லை என்று நினைக்கிறேன்.

அப்போதுதான் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிந்திருந்தது. உயிரோடு இருப்பவர்களை எண்ணி முடித்த கையோடு மொத்த ஊழியர்களையும் 1386க்கு மாற்றிவிட்டார்கள். கன்னியப்பன் போன அன்று ஜன்னலுக்குள் எழுத்தர் திருமலை உட்கார்ந்திருந்தார். கன்னியப்பனுக்கு முன்னால் வரிசையில் மொட்டை போட்ட ஒருவர்.

"அப்பா எப்ப தவறினாரு?" என்றார் திருமலை.

"போன மாசம் சார்."

"ரொம்ப லேட்டு. இப்ப 1386க்கு மட்டும்தான் எடுக்கறோம்."

மொட்டை போட்டவர் தன் அப்பாவின் சார்பில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு படி இறங்கினார்.

கன்னியப்பன் ஜன்னலுக்கு நேரே நகர்ந்தான். செங்கமலம் சொல்லிக்கொடுத்ததை அப்படியே ஒப்பித்தான்.

"பொண்ணு பேரு காவேரி சார். அட்சய வருஷம், ஆவணி மாசம், ரெண்டாவது வெள்ளிக்கெழம, விடியக்காலம்."

திருமலையின் கையிலிருந்த பேனா நின்றது.

நம் வருஷங்களுக்குப் பெயர் அறுபதுதான் என்பதும், அறுபதும் முடிந்தால் மறுபடி முதலிலிருந்து வரும் என்பதும் எல்லாருக்கும் தெரியும். கடைசிப் பெயர் அட்சய. 1986 அட்சய. அதற்கு அறுபது வருஷம் முன்னால் 1926, அதுவும் அட்சய. அப்படியே பத்துச் சுற்று பின்னால் போனால் 1386, அட்சயவேதான். திருமலையின் தலைக்கு மேலே சுவரில் கொட்டை எழுத்தில் '1386 - அட்சய' என்று எழுதி மாலை போட்டிருந்தது. திருமலை அதைத் திரும்பிப் பார்த்தார், கன்னியப்பனைப் பார்த்தார், எழுந்து நின்றார்.

"சார், ஒருத்தர் வந்துட்டாரு சார்" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

தனி வட்டாட்சியர் பாண்டுரங்கன் கன்னியப்பனை நாற்காலியில் உட்காரவைத்தார். அரசாங்க அலுவலகத்தில் கன்னியப்பன் நாற்காலியில் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. அதனால் அவன் நுனியில்தான் உட்கார்ந்தான்.

"ஒரு மாசமா இந்த சீட்ல இருக்கேன்" என்றார் பாண்டுரங்கன். "இலக்கு வந்திருக்கு, பிறப்பு பன்னெண்டு, இறப்பு பன்னெண்டு, முக்கிய நிகழ்வு ஒண்ணு. ஒரு பதிவுகூட வரல. ஒண்ணுமே இல்லன்னு இன்மை அறிக்கை அனுப்பலாமான்னு திருமலை கேட்டாரு. நான் கூடாதுன்னுட்டேன். நாமளே இன்மைன்னு எழுதிக் குடுத்தா போலந்துக்காரன் நம்மளப் பத்தி என்ன நினைப்பான்?"

"சரிங்க சார்" என்றான் கன்னியப்பன். பிறகு யோசித்துவிட்டு, "சார், எம் பொண்ணு பொறந்தது அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி வந்துச்சே அந்த அட்சய சார்" என்றான்.

"அட்சயன்னா அட்சயதான். இந்த ஆபீசுக்கு ஒரே ஒரு அட்சயவுக்குத்தான் நிதி ஒதுக்கியிருக்காங்க."

"நீங்க சொல்றது பழைய காலம் சார். எம் பொண்ணு கீழ டீக்கடையாண்ட அவங்க அம்மாகூட நின்னுகினு கீது."

"உயிரோடயா?"

"ஆமா சார்."

பாண்டுரங்கன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "பாருங்க. வேற எந்த வட்டாரத்துலயும் இது கிடைக்காது."

வேறு வருஷத்துச் சான்றிதழ் எப்போது கொடுப்பீர்கள் என்று கன்னியப்பன் மெல்லக் கேட்டான். அதற்கும் பதில் தயாராக இருந்தது. 1386 முடிந்ததும் 1387, அதன் பிறகு 1388, வரிசைப்படி வருவார்கள். கன்னியப்பன் சொல்கிற 1986க்கும் ஒருநாள் கட்டாயம் வருவார்கள், அரசாங்கம் யாரையும் கைவிடாது.

"உங்களுக்கு ஒரு உண்மை சொல்றேன் கன்னியப்பன்" என்று பாண்டுரங்கன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நான் இருபது வருஷம் உயிரோட இருக்கறவங்களுக்கு வேலை பார்த்தேன். பெரிய இம்சை. மனு குடுப்பாங்க, ஒரு வாரத்துல வந்து என்னாச்சும்பாங்க. மறுபடி வருவாங்க. மூஞ்சியப் பார்த்துப் பதில் சொல்லணும். இந்தப் பிரிவுல அந்தப் பேச்சே கிடையாது. செத்து அறுநூறு வருஷம் ஆனவங்க ஒருநாளும் ஜன்னல்ல வந்து நின்னதில்ல. நிர்வாகம்னா இதுதான் நிர்வாகம்."

கன்னியப்பன் கீழே இறங்கி வந்து செங்கமலத்திடம் சொன்னான்.

"இன்னா வருஷம் வேணா போட்டுக்கட்டும்" என்றாள் அவள். "தாள்ல சீல் இருந்தா போதும். அவங்களுக்குப் பைத்தியம் புடிச்சா நாம இன்னா பண்றது?"

அடுத்த வாரம் ஜீப் வந்தது. பிறந்த இடத்தை நேரில் ஆய்வு செய்ய வேண்டுமாம். பாண்டுரங்கன் இறங்கினார், திருமலை ஒரு மஞ்சள் பெயின்ட் டப்பாவோடு இறங்கினார். கன்னியப்பனின் ஓட்டு வீட்டுச் சுவரில் 'மு.பி. 1' என்று எழுதினார். முக்கியப் பிறப்பு ஒன்று என்று அதற்கு அர்த்தம். தெருவுக்கு அது தெரியாது. எங்கள் பக்கத்தில் ஜீப்பில் வந்து சுவரில் மஞ்சள் அடித்தால் நிலம் போகிறது என்றுதான் பொருள். பக்கத்து வீடுகளிலிருந்து ஆட்கள் ஓடிவந்து, எந்தக் கம்பெனிக்கு எடுக்கிறார்கள், வேலை தருவார்களா என்று கேட்டார்கள். இரண்டு பெண்கள் செங்கமலத்தைக் கட்டிக்கொண்டு அழவே ஆரம்பித்துவிட்டார்கள்.

பாண்டுரங்கன் முதலில் குழந்தையை விசாரித்தார்.

"காவேரி, உனக்கு அந்தக் காலத்துல என்ன ஞாபகம் இருக்கு?"

"பால் ஐசு" என்றாள் காவேரி.

"பிறப்பை மறுக்கவில்லை" என்று திருமலை எழுதிக்கொண்டார்.

பிறகு கன்னியப்பனை விசாரித்தார். "பிரசவத்தப்ப தகப்பனார் எங்க இருந்தீங்க?"

"நைட் ஷிப்ட் சார். வலி கண்டுட்ச்சுன்னு ஆள் வந்து சொன்னாங்க. சூப்ரவைசர் லீவு குடுக்கல. லைன் நின்னுடும்னாரு."

பாண்டுரங்கன் சட்டென்று நின்றுவிட்டார்.

"திருமலை, எழுதுங்க. 1386ல ஒரகடத்துல நைட் ஷிப்ட் இருந்திருக்கு. நைட் ஷிப்ட் இருந்தா கம்பெனி இருந்திருக்கு. லீவு குடுக்கலேன்னா சூப்ரவைசர் இருந்திருக்காரு. என்ன கம்பெனி?"

"ஸ்பிரிங் சார்."

"ஸ்பிரிங்." அவர் சுவரைத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டார். "மிலான்காரன் அப்பத்தான் கோயிலுக்குக் கடைக்கால் தோண்டிக்கிட்டு இருக்கான். நாம ஓ.டி. பார்த்துக்கிட்டு இருந்திருக்கோம். முக்கிய நிகழ்வு கிடைச்சிடுச்சுய்யா."

"அன்னிக்கு ஓ.டி.யும் போடல சார்" என்றான் கன்னியப்பன்.

அதையும் எழுதிக்கொண்டார்கள். பிறப்பைப் பார்த்த சாட்சி இரண்டு பேர் வேண்டும் என்றார்கள். கன்னியப்பனோடு வேலை செய்யும் ஜெபகுமாரும் தெருமுனை டீக்கடை சுப்பனும் வந்து, 1386ஆம் ஆண்டு ஆவணியில் தாங்கள் பக்கத்து வீட்டில் இருந்ததாகவும் குழந்தை அழுத சத்தம் கேட்டதாகவும் கையெழுத்துப் போட்டார்கள். ஜெபகுமாருக்கு மட்டும் ஒரு சந்தேகம். அப்போது தான் வேதக்காரனாக இருந்திருக்க முடியுமா என்று கேட்டான். திருமலை அதைத் திருச்சபைதான் தீர்மானிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

சான்றிதழ் வாங்க நாள் குறித்தார்கள். அன்றைக்கு மூன்று பேரும் நல்ல துணி உடுத்திக்கொண்டு போனார்கள். காவேரிக்குத் தலை நிறையக் கனகாம்பரம். சான்றிதழ் தட்டச்சாகி, சீல் வைக்கப்பட்டு, மேஜைமேல் கண்ணாடிக் குண்டுக்கு அடியில் இருந்தது. கையெழுத்து மட்டும் பாக்கி. மேஜைக்குப் பக்கவாட்டில் புதிதாக ஒருவர் விபூதியும் கழுத்தில் மடித்த துண்டுமாக உட்கார்ந்திருந்தார்.

"தணிக்கைலேருந்து வந்திருக்காரு, தாண்டவராயன் சார்" என்று பாண்டுரங்கன் அறிமுகம் செய்தார். "ஓய்வு பெற்றும் அரசாங்கம் விடல, மறுபடி கூப்பிட்டுப் போட்டிருக்கு."

"போன அட்சயலதான் எனக்கு அறுபதாம் கல்யாணம் நடந்தது" என்றார் தாண்டவராயன், யாரும் கேட்காமலே. "அஞ்சு வருஷம் ஆச்சு. இன்னிக்கும் கண்ணாடி இல்லாம கூட்டல் போடுவேன். அட்சயல பொறந்தவா கணக்குல பிசக மாட்டா." அப்படிச் சொல்லிக்கொண்டே சான்றிதழை எடுத்துப் பார்த்தார். "பிறப்பு இருக்கு. இறப்பு எங்கே?"

"இன்னும் இறக்கல சார்" என்றார் திருமலை.

"அது எப்படி? 1386ல ஒரு பிறப்பைத் திறந்திருக்கீங்க. அறுநூறு வருஷமா முடிக்காம நிலுவையில வச்சிருக்கீங்க. இந்த ஆபீஸ்ல ஒரு கணக்கைத் திறந்தா மூடணும். பிறப்புக்கு இலக்கு பன்னெண்டு, இறப்புக்கும் பன்னெண்டு. எதுக்கு சமமா குடுத்திருக்கா? ரெண்டும் நேராகணும்னுதான்."

பாண்டுரங்கன் தலையைச் சொறிந்தார். பிறகு கன்னியப்பனைப் பார்த்துச் சிரித்தார். "ஒண்ணும் பிரச்சினை இல்ல. ஒரு இறப்பும் போட்டுடலாம். தாள்லதானே. பிறப்புச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ் ரெண்டையும் கையோட வாங்கிட்டுப் போயிடுங்க. மத்தவங்கல்லாம் இதுக்கு எத்தனை நடை நடக்கறாங்க தெரியுமா?"

கன்னியப்பனின் வாய் பழக்கத்தில் "ச" வரைக்கும் வந்துவிட்டது. அங்கேயே நின்றது. அவன் நாற்காலியிலிருந்து எழுந்தான்.

"வேணாங்க சார்" என்றான்.

"சும்மா தாள்ல."

"தாள்லயும் வேணா சார். பள்ளிக்கோடம் இல்லன்னா போவுது. வா செங்கமலம், போலாம்."

மேலே இருக்கும் ஒருவரிடம் மாட்டேன் என்று சொல்வது அவனுக்குப் பழக்கமில்லாத வேலை. ஆனால் செங்கமலம் நகரவில்லை. காவேரியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு மேஜைக்குப் பக்கத்தில் வந்தாள்.

"இந்தப் புள்ள பொறந்தப்ப மூச்சு வரல சார்" என்றாள். சத்தம் போடவில்லை, சாதாரணமாகத்தான் பேசினாள். "இந்தாளு கம்பெனில. நானும் ஒரு கெழவி மருத்துவச்சியும்தான். அவ காலப் புடிச்சித் தலைகீழாத் தூக்கி ரெண்டு தட்டு தட்டினா. அப்பறம்தான் அழுதுச்சு. அந்த ராத்திரி நான் கும்புடாத சாமி இல்ல. சாவுன்னு எழுதணும்னா அன்னிக்கு வந்து எழுதியிருக்கணும் நீங்க. வந்தீங்களா? இப்ப பூ வெச்சிக் கூட்டியாந்து நிறுத்திகினு கீறேன், இப்ப எழுதுவீங்களா? எந்தக் கை எழுதும், அத காட்டுங்க, பாக்கறேன்."

யாரும் கையைக் காட்டவில்லை. பாண்டுரங்கன் தன் கைகளை மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"விதி அம்மா, விதி" என்றார் தாண்டவராயன். "அட்சயல பொறந்தா கணக்கு முடியணும்."

"அட்சயல பொறந்தவங்க அத்தினி பேரும் செத்தாவணுமா?"

"1386ல பொறந்தவா மட்டும்தான்."

"எம் பொண்ணும் அதுல பொறக்கல. சாமி சத்தியமா சொன்னோம். அட்சயன்னா அட்சயதான், இந்த ஆபீஸ்ல ஒரே அட்சயதான்னாரே இவரு."

எழுத்தர் திருமலை கெட்டவர் இல்லை. சொன்ன வேலையைச் சொன்னபடி செய்பவர், அவ்வளவுதான். ஒரு மாதமாக இறப்புக்கு ஒரு பதிவுகூடக் கிடைக்காத கவலை அவருக்கு. அவர் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். புதுப் பக்கம் ஒன்றைத் திருப்பினார். தாண்டவராயன் பக்கம் மரியாதையாகக் குனிந்தார்.

"சார், உங்க இனிஷியல் என்ன சார்?"

"எதுக்கு?"

"நீங்களும் அட்சயதானே சார். பிறப்பு, இறப்பு ரெண்டையும் இன்னிக்கே நேர் பண்ணிடலாம். இலக்குல ஒண்ணு கழியும்."

தாண்டவராயன் கழுத்துத் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு இரண்டு பேத்திகள், திருத்தணி போவதாக ஒரு வேண்டுதல், ஓய்வூதியம் எல்லாம் இருந்தன.

"இப்படிக் குடுங்கோ அந்தக் கோப்பை" என்றார்.

கண்ணாடி இல்லாமலே நிதானமாக எழுதினார். அந்தக் குறிப்பு இன்றைக்கும் அந்தக் கோப்பில் இருக்கிறது என்கிறார்கள். 'அட்சய ஆண்டில் பிறந்தவர்கள் இறந்தே ஆக வேண்டும் என்பதற்கு விதி ஏதும் காணப்படவில்லை. ஆட்சேபணை விலக்கிக்கொள்ளப்படுகிறது.' எழுதி முடித்து, மை காய ஊதினார்.

பாண்டுரங்கன் கையெழுத்துப் போட்டுச் சான்றிதழை நீட்டினார். "பார்த்தீங்களா கன்னியப்பன், அரசாங்கம் நினைச்சா ஒரு உசிரையே காப்பாத்தும்" என்றார். அவர் அதை மனதார நம்பினார் என்பதுதான் எனக்கு இன்றுவரை தாங்கவில்லை.

அந்தத் தொகுப்பு இரண்டு வருஷம் கழித்து அச்சாகி வந்தது, நானும் பார்த்தேன். தடித்த அட்டை, அதிகாரிகளின் வாழ்த்துரைகளே பாதிப் புத்தகம். நடுவில் 1386. போலந்து ராஜா முடிசூடியது, ஆஸ்திரியக் கோமகன் செத்தது, இத்தாலியில் ஒரு பெரிய சிற்பி பிறந்தது, எல்லாவற்றையும் களஞ்சியத்திலிருந்து அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள். அவற்றுக்குக் கீழே, 'ஒரகடம்: ஸ்பிரிங் தொழிற்சாலை இயங்கியது. விடுப்பு மறுக்கப்பட்டது. காவேரி பிறந்தாள்.' முழு மடத்தனம். ஆனாலும் அந்த வரியைப் படித்தபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ராஜாக்களும் கோமகன்களும் நிற்கிற வரிசையில் ஒரு ஆபரேட்டர் வீட்டுப் பெண் பிள்ளை இடித்துக்கொண்டு நிற்கிறாள், நிற்கட்டும் என்று தோன்றியது.

அதெல்லாம் பிற்பாடு. சித்திரை பிறந்த வாரம் கன்னியப்பன் காவேரியைக் கூட்டிக்கொண்டு படப்பைக்குப் போனான். வழியெல்லாம் சான்றிதழைச் சட்டைக்குள் வைத்திருந்ததில் அது வேர்வையில் நனைந்திருந்தது. தாவீது அதை வாங்கி ஒரு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார்.

"ஆயிரத்து முந்நூத்தி எண்பத்தாறா?"

"ஆபீஸ்ல அப்படித்தான் போட்டாங்க சார்."

தாவீது விரல் விட்டு எண்ண ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டுத் தாளில் கழித்துப் பார்த்தார். ஜூன் ஒன்றாம் தேதிக்கு அறுநூற்று நாலு முடிந்து ஐந்து நடந்தது. மேஜை இழுப்பறையைத் திறந்து சுற்றறிக்கையை எடுத்து, மேலிருந்து கீழே ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்தார்.

"அஞ்சு வயசு பூர்த்தி ஆயிருக்கணும்னுதான் போட்டிருக்கு" என்றார் தாவீது. "எவ்வளவுக்கு மேல போகக் கூடாதுன்னு போடல."

"அப்பிடின்னா சார்?"

"பூர்த்தி ஆயிருக்கு."

சேர்க்கைப் பதிவில் எழுதப் பேனாவை எடுத்தவர், பழக்க தோஷத்தில் காவேரியைப் பார்த்து, "எங்க பாப்பா, காதைத் தொடு" என்றார். காவேரி வலது கையைத் தலைக்கு மேலே போட்டாள். எக்கினாள், உதட்டைக் கடித்துக்கொண்டாள். விரல் காதுக்கு ஒரு அங்குலம் மேலேயே நின்றது. தாவீது அந்த விரலைப் பார்த்தார், சான்றிதழில் இருந்த சீலைப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு சேர்த்துக்கொண்டார்.

திரும்பும்போது ஒரகடம் பஸ்ஸுக்காக நின்றார்கள். நிறுத்தத்தில் நல்ல கூட்டம். கன்னியப்பன் காவேரிக்குப் பால் ஐஸ் வாங்கிக் கொடுத்திருந்தான்.

"யப்பா, எனக்கு இன்னா வயசு?"

கன்னியப்பன் முன்னும் பின்னும் ஒரு தடவை பார்த்துக்கொண்டான். ஜீப் எதுவும் நிற்கவில்லை. குனிந்து அவள் காதருகில் சொன்னான்.

"நாலு முடிஞ்சி அஞ்சு நடக்குது கண்ணு. வெளிய சொல்லிடாத."